வைரஸ் காய்ச்சல் முற்றுமா என்று ரத்தப் பரிசோதனை சொல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்ஸா) ஆண்டு முழுவதும் இருக்கும், ஆனால் மே முதல் ஜூலை வரை ஒருமுறையும், ஆண்டு முடிந்து புது ஆண்டு பிறக்கும் சமயத்தில் இன்னொருமுறையும் ஏறும். ஹெல்த்ஹப் செயலியில் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்து, வரம்பைத் தாண்டிய எண்ணை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள். "அக்கா, அம்மாவுக்கு சிஆர்பி 48 காட்டுது. பயப்படணுமா?"

நான் 29 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி மூச்சுத்திணறலோடு வருபவர்களைப் பார்த்துக்கொண்ட வார்டுகளில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவர் சொல்வது புரியவும், அவரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரியவும் உதவினால் போதும்.

அழற்சிக் குறிகாட்டி என்று எதைச் சொல்கிறார்கள்?

கிருமி உள்ளே வந்ததும் உடம்பு சண்டைக்கு ஆள் திரட்டுகிறது. அந்தச் சண்டையின் சூடுதான் அழற்சி. சண்டை நடக்கும்போது சில புரதங்கள் ரத்தத்தில் கூடும், சில அணுக்கள் குறையும். அவற்றை அளந்தால் உள்ளே எவ்வளவு அமளி நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் உள்ளே கூட்டம் என்று தாண்டிப் போகிறவருக்கும் தெரியும். நிச்சயதார்த்தமா, துக்க வீடா என்று செருப்பு சொல்லாது. அதற்குக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். இந்த எண்களும் அப்படித்தான்.

சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் என்று வரிசையாகப் போட்டிருக்கிறதே, எது எதற்கு?

சிஆர்பி என்ற புரதத்தை 1930ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் கழகத்தில் கண்டுபிடித்தார்கள். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில், நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் ஒன்று இருப்பதைப் பார்த்தார்கள். அந்த 'சி'தான் பெயரிலும் இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை வந்ததும் கல்லீரல் இதைச் சுரக்கும். சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், ஏறும்போது சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். கிளறிவிட்ட காரணம் அடங்கியதும் ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகும். இப்படி வேகமாக ஏறி வேகமாக இறங்குவதால்தான் மருத்துவர்கள் இதை விரும்புகிறார்கள். நோய் இல்லாதவருக்கு லிட்டருக்கு 5 அல்லது 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும், ஆய்வகத்தைப் பொறுத்து வரம்பு சற்று மாறும்.

புரோகால்சிட்டோனின் என்ற இன்னொரு புரதம் பாக்டீரியாத் தொற்றில் நன்றாக ஏறும். வைரஸ் தொற்றில் உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் அதை அடக்கி வைக்கும். அதனால் வைரஸா பாக்டீரியாவா என்று குழம்பும்போது இதைப் பார்ப்பார்கள்.

ஃபெரிட்டின் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிக் கொதிக்கும்போது இது ஆயிரக்கணக்கில் போகும். நம் பெண்களில் பலருக்கு இரும்புச்சத்து குறைவு என்பதால் அவர்களுக்கு ஃபெரிட்டின் வழக்கமாகவே தாழ்ந்திருக்கும். அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சலின்போது 'இயல்பு' என்று வந்தால்கூட, அவரைப் பொறுத்தவரை அது ஏறிய எண்ணாக இருக்கலாம்.

டி-டைமர், உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கு. எல்டிஎச், அணுக்கள் உடையும்போது வெளியே கொட்டும் நொதி. நுரையீரல் சேதமானாலும் ஏறும்.

இத்தனை பெயர்களுக்கு நடுவே பலர் கவனிக்காமல் விடுவது சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கையைத்தான். அதில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு இருக்கிறது. கடுமையான வைரஸ் நோயில் அது சரியும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணு கூடும். நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்துப் பாருங்கள். நலமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடையில் வரும். நியூட்ரோஃபில் 6.0, லிம்ஃபோசைட் 0.8 என்றால் 7.5. புதிதாக ஒரு பரிசோதனையும் தேவையில்லை, கையில் உள்ள அறிக்கையிலேயே இது இருக்கிறது.

சரி, இவற்றை வைத்து நோய் முற்றுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கூட்டமாகப் பார்த்தால் முடியும். தனி ஒருவருக்கு, அதுவும் ஒரே ஒரு எண்ணை வைத்து, முடியாது.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். 2003ல் சார்ஸ் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஹாங்காங்கில் 138 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், வயது கூடியவர்கள், எல்டிஎச் உயர்ந்தவர்கள், தொடக்கத்திலேயே நியூட்ரோஃபில் கூடியிருந்தவர்கள் மோசமானதைக் கண்டார்கள். கொவிட்-19 வந்ததும் அதே கதை திரும்பியது. 2020 ஜனவரி 23ஆம் தேதி சிங்கப்பூரில் முதல் நோயாளி உறுதியானார். பிறகு தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் சேர்க்கப்பட்ட முதல் 67 பேரின் ரத்த அணுக்களை இங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். தீவிர சிகிச்சைக்குப் போனவர்களிடம் லிம்ஃபோசைட் குறைவும் எல்டிஎச் உயர்வும் கூடுதலாகத் தெரிந்தன. ஊஹானில் 191 பேரைப் பார்த்த ஆய்வில், சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு மருத்துவமனை, ஆனால் எண்கள் ஒரே பக்கம்தான் சாய்ந்தன.

இப்போது இரண்டாவது பாதி. பிரிட்டனில் 35,000க்கும் மேற்பட்ட கொவிட் நோயாளிகளின் விவரத்தை வைத்து '4சி' என்ற மதிப்பெண் முறையை 2020ல் உருவாக்கினார்கள். வயது, பாலினம், வேறு நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவுத் தெளிவு, யூரியா, சிஆர்பி என்று எட்டு விஷயம். மொத்தம் 21 மதிப்பெண். அதில் சிஆர்பி 100க்கு மேல் போனாலும் கிடைப்பது 2தான். வயது 80ஐத் தாண்டினால் மட்டும் 7. நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்: உங்கள் அப்பாவின் அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதி, அவருடைய சிஆர்பியைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. சிஆர்பியை எல்லாரும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அவர் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணி அனுப்பியவர் இதுவரை ஒருவரோ இருவரோதான்.

4சி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, தடுப்பூசி வருவதற்கு முன் செய்த கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தச் சமயத்தில் நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்ல உலகெங்கும் வேறு பல கணிப்பு முறைகளும் முளைத்தன. அவற்றைத் தொகுத்துச் சரிபார்த்தவர்கள், பெரும்பாலானவை நம்பத் தகுந்த விதத்தில் உருவாக்கப்படவில்லை என்றுதான் எழுதினார்கள்.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் ரத்தமே எடுக்காமல் அனுப்பிவிட்டார். கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியில் மனக்குறை இருக்கும், அது எனக்குப் புரியும். காலையிலேயே போய் வரிசையில் காத்திருந்து, நாலு மாத்திரையோடு திரும்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, கணக்கு எங்கும் பொருந்தும்.

காய்ச்சலோடு மருந்தகத்துக்கு 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 20 பேருக்கு நோய் முற்றப் போகிறது. கையில் நல்ல பரிசோதனை ஒன்று இருக்கிறது: முற்றப் போகிற 100 பேரில் 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், முற்றாத 100 பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும். எல்லாருக்கும் செய்தால், 20 பேரில் 16 பேர் பிடிபடுவார்கள். நோய் முற்றாத 980 பேரில் 196 பேருக்கும் 'ஆபத்து' என்று வரும். ஆக 212 பேரைப் பயமுறுத்தினால் அதில் உண்மையில் ஆபத்துள்ளவர் 16 பேர். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை.

அதே பரிசோதனையை மருத்துவமனை வார்டில், ஏற்கெனவே ஆக்சிஜன் தடுமாறும் 1,000 பேருக்குச் செய்யுங்கள். அங்கே 200 பேருக்கு முற்றப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 பேர் பிடிபடுவார்கள், 160 பேருக்குத் தவறாக வரும். 'ஆபத்து' என்று வந்தவரில் சரிபாதி உண்மை. பரிசோதனை மாறவில்லை, யாருக்குச் செய்தோம் என்பதுதான் மாறியது. உங்களைப் பார்த்து, நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஆக்சிஜன் அளந்து, ரத்தம் வேண்டாம் என்று முடிவெடுத்த மருத்துவர் அசட்டையாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

மருந்தகக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே 'ஆபத்தில்லை' என்று வந்த 788 பேரில் தப்பிப் போனவர் 4 பேர்தான். நல்ல முடிவு ஓரளவு நிம்மதி தரும். ஆனால் அந்த 4 பேரில் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம் என்பதால், எந்த முடிவு வந்தாலும் 'இப்படி ஆனால் திரும்பி வாருங்கள்' என்று மருத்துவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்த எத்தனையாவது நாளில் ரத்தம் பார்ப்பது?

இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மாவுக்குக் கொவிட் வந்தது. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்ததில் சிஆர்பி 12. எல்லாரும் ஆறுதல் அடைந்தோம், நானும்தான். இத்தனை வருட அனுபவம் இருந்தும், அந்தத் தாளைப் பார்த்ததும் மகளாக மூச்சு விட்டேன், தாதியாக யோசிக்கவில்லை. எட்டாம் நாள் குளியலறையிலிருந்து கட்டிலுக்கு நடந்து வருவதற்குள் அம்மாவுக்கு இரைத்தது. அன்று சிஆர்பி 130ஐத் தாண்டியிருந்தது. மருத்துவமனையில் பத்து நாள் இருந்து, கடவுள் புண்ணியத்தில் வீடு திரும்பினார்.

மூன்றாம் நாளின் 12 பொய்யில்லை. அன்றைக்கு அதுதான் நிலவரம். கொவிட் மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் திரும்பும். அதற்கு முன்பு எடுத்த எண், திருப்பத்துக்கு முந்திய எண். சளிக்காய்ச்சல் இன்னும் வேகமாக நகரும். அதில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு: காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்து, இரண்டு நாள் கழித்துத் திடீரென்று மறுபடி குளிரும் இருமலுமாகப் படுப்பது. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறும்போது அப்படி ஆகும். அந்தச் சமயத்தில் சிஆர்பியும் ஏறும்.

அதனால் முடிவு வந்தால் இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்: காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், முந்தைய எண் என்ன. 90லிருந்து 48க்கு வந்தவரும் 15லிருந்து 48க்குப் போனவரும் ஒரே ஆள் அல்ல. அதனால்தான் "48 பயப்படணுமா" என்ற கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை.

சிஆர்பி கூடினால்தான் வைரஸ் எதிர்ப்பு மருந்து தருவார்களா?

இல்லை, அதற்காகக் காத்திருப்பது தவறு. சளிக்காய்ச்சலுக்கான ஒசெல்டமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொவிட்டுக்கான பாக்ஸ்லோவிட்டை ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் மருந்தின் வேளை கடந்துவிடும். வயது, நீரிழிவு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்ச் சிகிச்சை, கர்ப்பம் இவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் போங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு போங்கள். பாக்ஸ்லோவிட் கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடும் வேறு சில மருந்துகளோடும் சேராது.

சிஆர்பி 100க்கு மேல் போனால் பாக்டீரியா என்று அர்த்தமா? ஆன்டிபயாடிக் வேண்டுமா?

சந்தேகம் கூடும், உறுதியாகாது. அடினோவைரஸ் குழந்தைகளுக்கு 100ஐ எளிதாகத் தாண்ட வைக்கும். கடும் கொவிட்டும் அப்படியே. பிரிட்டனில் 2014ல் பொது மருத்துவர்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், நிமோனியா சந்தேகம் இருந்து தெளிவில்லாதபோது சிஆர்பியைப் பார்க்கச் சொன்னார்கள்: 20க்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் வழக்கமாக வேண்டாம், 100க்கு மேல் என்றால் கொடுங்கள், நடுவில் என்றால் சீட்டு எழுதித் தந்து மோசமானால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள் என்று. எனக்குப் பிடித்தது அந்த நடுப்பகுதிதான். எண் எதையும் முடிவு செய்யாத இடம் என்று ஒன்று உண்டு என்பதை அது ஒத்துக்கொள்கிறது.

சிஆர்பி கூடியிருக்கிறது, வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 29 விழுக்காட்டினர் 28 நாளுக்குள் இறந்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் 41 விழுக்காடு. உயிர்காத்த மருந்து, சந்தேகமில்லை. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. அவர்களில் மருந்து பெற்றவர்களில் சுமார் 18 விழுக்காடும் பெறாதவர்களில் 14 விழுக்காடும் இறந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் தைரியம் தரக்கூடிய எண்ணில்லை. வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போது நோய் எதிர்ப்பை அடக்கினால் யாருக்கு உதவி? அதோடு நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை எகிறும், நியூட்ரோஃபிலும் கூடி அடுத்த ரத்த அறிக்கையையே குழப்பிவிடும்.

அழற்சிக் குறிகாட்டி நேரடியாக மருந்தைத் தீர்மானித்த இடமும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 92 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும் அல்லது ஆக்சிஜன் கொடுக்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும், கூடவே சிஆர்பி 75 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு 35லிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. 'கூடவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூச்சும் எண்ணும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் மருந்து. அந்த மருந்தை ஏற்றிய பிறகு சிஆர்பி வேகமாக விழும். ஆனால் சமிக்ஞையையே அடைத்துவிட்டதால் விழுகிறது, புதிதாகத் தொற்று வந்தாலும் எழாது. வார்டில் இருக்கும் உறவினருக்கு எண் நன்றாக இறங்கிவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

டெங்கியா, சளிக்காய்ச்சலா, கொவிட்டா என்று இந்த எண்களால் பிரிக்க முடியுமா?

சிங்கப்பூரில் இது வெறும் பாடக் கேள்வி அல்ல. 2020ல் கொவிட்டும் டெங்கியும் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டு டெங்கி 35,000 பேரைத் தாண்டியது. அப்போது இருவருக்கு விரைவு டெங்கிப் பரிசோதனையில் டெங்கி என்று வந்து, பிறகு அவர்களுக்கு இருந்தது கொவிட் என்று தெரியவந்தது. மறுபடி செய்த டெங்கிப் பரிசோதனைகளில் டெங்கி இல்லை. லிம்ஃபோசைட்டோ தட்டணுக்களோ குறைவது இரண்டிலும் நடக்கும் என்பதால் அந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

பொதுவாகச் சொன்னால், டெங்கியில் சிஆர்பி ரொம்ப ஏறுவதில்லை, ஃபெரிட்டின் ஏறும், தட்டணுக்கள் நன்றாகச் சரியும். ஆனால் கிருமியைக் கண்டுபிடிக்க அந்தந்தக் கிருமிக்கான பரிசோதனைதான் வழி: மூக்கில் எடுப்பது, டெங்கிக்கு என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை. டெங்கியில் ஒன்றை மறக்காதீர்கள். காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்தான நாள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் என்றால் காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் இருக்கக்கூடாது.

வருடாந்திர உடல் பரிசோதனையில் 'எச்எஸ்-சிஆர்பி' 3.2 என்று வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் முற்றுமா?

அது வேறு கேள்விக்கான எண். அதே புரதம்தான், நுணுக்கமாக அளந்து இதயநோய் அபாயத்தைப் பார்க்கப் பயன்படுத்துவது. உடல் எடை, புகைபிடித்தல், பல் ஈறு வீக்கம் இவையும் அதைச் சற்று உயர்த்தி வைக்கும். சளி பிடித்த வாரத்தில் எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை, சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

சென்னையில் எடுத்த அறிக்கையில் 4.8, இங்கே 48. பத்து மடங்கு கூடிவிட்டதா?

அலகைப் பாருங்கள். அங்கே டெசிலிட்டருக்கு என்றும் இங்கே லிட்டருக்கு என்றும் இருக்கலாம். அப்படியானால் இரண்டும் ஒரே எண். டி-டைமரில் இன்னும் சிக்கல்: ஆய்வகங்கள் இரண்டு வகை அலகில் தருகின்றன, ஒன்று மற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும் டி-டைமர் இயல்பாகவே கூடுதல். வேறு வேறு ஆய்வகத் தாள்களை நீங்களே ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம், இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ரத்தம் எடுக்க முடியாது. எதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

மூச்சை. 2021ல் தெமாசெக் அறநிறுவனம் ஒவ்வொரு வீட்டுக்கும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. எங்காவது மேசை இழுப்பறைக்குள் கிடக்கும், பேட்டரியை மாற்றி எடுத்து வையுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, கை குளிராக இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, உட்கார்ந்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 95க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

நம்மவர்களுக்காக ஒன்று. இந்தக் கருவி தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய சமயங்களில் தமனி ரத்தத்தை நேரடியாக அளந்து பார்த்தார்கள். கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மையான ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 3.6 விழுக்காடு. நம் நிறத்தவர் அந்த ஆய்வில் தனியாகக் கணக்கில் வரவில்லை, ஆனால் என் அப்பாவின் நிறத்தை நினைத்தால் அந்த எண் எனக்குள் ஒட்டிக்கொள்கிறது. அதனால் கருவி 95 காட்டினாலும் ஆள் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், ஆளை நம்புங்கள். நலமாக இருக்கும் நாளில் அவருடைய வழக்கமான எண் என்ன என்று ஒருமுறை எடுத்து எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிட மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12லிருந்து 20 வரை இயல்பு. 24, 25 என்று போனால் காத்திருக்காதீர்கள். உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே 995ஐ அழையுங்கள்.

குழந்தைகளுக்கு?

சின்னக் குழந்தைக்கு சிஆர்பி குறைவாக வந்தது என்று நிம்மதி அடையக்கூடாது. ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் பச்சைக் குழந்தையை மூச்சுத்திணற வைக்கும்போதுகூட எண் சாதாரணமாக இருக்கலாம். விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறதா, பால் குடிப்பது பாதியாகிவிட்டதா, டயப்பர் நனைவது குறைந்துவிட்டதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் எதையும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

மஞ்சள் பால், நிலவேம்புக் கஷாயம் குடித்தால் சிஆர்பி குறையுமா?

தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று மஞ்சள் பால் குடிப்பதில் தப்பில்லை, நானும் குடிப்பேன். எண்ணைக் குறைப்பதற்காக எதையும் குடிக்க வேண்டாம். வாசலில் கிடக்கும் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கஷாயங்களைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புதிதாக ஏதாவது வருகிறதா?

வருகிறது. ஒரே எண்ணை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. வைரஸ் தொற்றில் மட்டும் ஏறும் புரதம் ஒன்றையும் சிஆர்பியையும் விரல் நுனி ரத்தத்தில் சேர்த்துப் பார்த்து, வைரஸா பாக்டீரியாவா என்று பிரிக்க முயல்கிறார்கள். 'சூபார்' என்ற குறிகாட்டி ஏறியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு மட்டும் அனகின்ரா என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2021ல் நல்ல பலன் காட்டியது. இன்னொரு பக்கம், உயிருக்கு ஆபத்தான கொவிட் நிமோனியா வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, தம் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் தம் உடம்பிலேயே இருந்ததை 2020ல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை கூடுதல். நோய் வந்த பிறகு அமளியை அளப்பதைவிட, யாருடைய கோட்டையில் முன்பே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மேல்.

தம்பி விடுதியில் தங்கிக் கட்டுமான வேலை பார்க்கிறான். காய்ச்சல், சிஆர்பி 60. ஊரில் அம்மா அழுகிறார். என்ன சொல்வது?

2020 முடிவில் சுகாதார அமைச்சு சொன்ன கணக்குப்படி விடுதிகளில் இருந்த ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கொவிட் தொற்றியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லேசாகவே வந்து போனது, ஏனென்றால் அவர்கள் இளைஞர்கள். தம்பியின் வயது அவன் பக்கம் இருக்கிறது என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

தம்பியிடம் வேறு மாதிரி பேசுங்கள். சம்பளம் போகும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறானா என்று கேளுங்கள். வெயிலில் சாரத்தில் ஏறி நிற்பவனுக்குக் காய்ச்சலோடு நீர்ச்சத்து குறைந்தால் அதுவே தனி ஆபத்து. காய்ச்சல் எத்தனையாவது நாள், படி ஏறினால் இரைக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா, டெங்கி பார்த்தார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து ரத்தம் திரும்ப எடுக்கச் சொன்னார்கள் என்றால், காய்ச்சல் விட்டிருந்தாலும் கட்டாயம் போகச் சொல்லுங்கள். மருத்துவர் சொன்னது அவனுக்குப் புரியவில்லை என்றால் அங்கிருந்தே உங்களுக்குப் போன் போடட்டும், நீங்கள் தமிழில் எடுத்துச் சொல்லலாம். பிறகு இரவு ஒருமுறை அழையுங்கள். எண் என்ன என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டானா என்று கேட்டு, அவன் மூச்சு வாங்காமல் பதில் சொல்லி முடிக்கிறானா என்று மட்டும் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.